தம்பி வீட்டு அழைப்புக்கு விழுந்த டிக்

என் தம்பி போனை வைப்பதற்கு முன்னால் எப்போதும் "வேற என்னக்கா?" என்று கேட்பான். பேசவேண்டியது எல்லாம் பேசியிருப்போம். ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் இன்னொரு கால்மணி நேரம் ஓடும். அவன் சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். இதை நான் எப்போதும் மறந்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தேனியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று சொன்னால் இன்றைக்குக் கூசுகிறது. ஜனங்கள் செய்யவேண்டிய காரியங்களை மறக்காமல் இருப்பதற்கு ஒரு ஆப். இன்னாருக்குப் போன் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும் என்று வரிவரியாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரே பட்டியலை வீட்டில் எல்லாரும் அவரவர் போனில் பார்க்கலாம். அதன் ஸ்கிரீன் எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பவள் நான்.

பழைய ஸ்கிரீன் எனக்குக் கட்டோடு பிடிக்காது. வேலை முடிந்து வட்டத்தைத் தொட்டால் டிக் விழும். டிக் விழுந்த வரி வெளிறிப்போய்க் கீழே கிடக்கும். யார் முடித்தார்கள் என்று பொடி எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும். சாப்பிட்ட இலையை எடுக்காமலே அடுத்த பந்தி போட்ட மாதிரி பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன். இனிமேல் தொட்டால் 'டிங்' என்று ஒரு மணி, வரி அப்படியே வழுக்கிக்கொண்டு போய் மறைந்துவிடும். கை தவறித் தொட்டுவிட்டால் திருப்பி எடுக்கக் கீழே ஒரு பட்டன் இருந்தது. அதையும் தூக்கினேன். கூட வேலை பார்க்கும் ஒரு பெண், "தப்பா தொட்டுட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள். "கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத் தொடச் சொல்லு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புது ஸ்கிரீனை முதலில் எங்கள் வீட்டில்தான் ஓட்டிப்பார்த்தேன். என் போன், கணவர் போன், மாமியார் போன். ஒரே பட்டியலில் நாலு பேர் இருந்தால் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு ஆள் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த தம்பியின் போனிலும் ஏற்றிவிட்டேன். "எனக்கு எதுக்குக்கா இது? ஒங்க வீட்டுல உப்பு தீந்துபோச்சுன்னு நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சும்மா கிடக்கட்டும் என்றேன். பிறகு, ஒவ்வொரு டிக்குக்கும் போன் கத்துகிறது என்று எங்கள் மூன்று பேர் போனிலும் தகவல் வருவதை அடைத்துவிட்டேன். தம்பி போனை மறந்தே போனேன்.

மாமியாருக்கு அந்த 'டிங்' ரொம்பப் பிடித்துப்போனது. அவர் போனில் கெட்டிக்காரி. கடலை எண்ணெய் விலையிலிருந்து வெளிநாட்டுச் சமையல் வரைக்கும் எல்லாம் பார்ப்பார். ஆனால் பட்டியலில் புது வரி வந்ததுமே தொட்டுவிடுவார். ஒருநாள் 'மாவு அரைக்கணும்' என்று போட்டேன். டிங் என்று மறைந்தது. சாயங்காலம் பார்த்தால் அரிசி அப்படியே ஊறிக்கொண்டு கிடக்கிறது.

"என்ன அத்த, முடிஞ்சுச்சுன்னு தொட்டுருக்கீக. மாவ எங்க?" என்று கேட்டேன்.

"பாத்துட்டேன்னு தொட்டேன். வாட்ஸ்அப்புல டிக்கு வந்தா பாத்தாச்சுன்னுதான அர்த்தம்? பாத்துட்டு செய்யாமலா விட்ருவேன்?" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே நான் லேப்டாப்பைத் திறந்து, எடுத்த பட்டனைத் திரும்ப வைத்திருக்கவேண்டும். அதைத்தானே கற்றுக்கொள்ள வீட்டில் ஓட்டிப்பார்த்தேன்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "படிச்சுப் படிச்சுச் சொல்லியும் மண்டையில ஏறலையா?" என்று கத்தினேன். அவர் எழுந்து போய்க் கிரைண்டரைப் போட்டார். அன்று முதல், வேலை முடியாமல் அவர் வட்டத்தைத் தொட்டதில்லை. அதை நான் கவனிக்கவில்லை. 'இந்த அம்மா எதைக் கண்டாலும் தொட்டுவிடும்' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானது. சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் போகிற வழியில், வயலுக்கு நடுவே இருக்கிறது கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரவேண்டும். மாமன் சீர் கொண்டுவருவான். அதற்கு முன்னால், அவன் வீட்டுக்கு என் கணவரும் மாமியாரும் நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு பத்திரிகை வைத்து அழைக்கவேண்டும். கூடப்பிறந்தவன்தானே, போனில் சொன்னால் ஆகாதா என்றால், ஆகாது. முறையாக அழைக்காத வீட்டுக்கு மாமன் வந்து நின்றால், நாளைக்கு அவனை ஒரு பயல் மதிக்கமாட்டான்.

இது தெரியாதவளா நான்? அதனால்தான் காதுகுத்துப் பட்டியலில் முதல் வரியாகவே எழுதினேன்: 'தம்பி வீட்டுக்கு நேரில் போய் அழைக்கணும்.' அதற்குக் கீழேதான் காது குத்துகிற ஆசாரி, சமையல்காரர், வேன், பந்தல் எல்லாம்.

பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங். புது ஸ்கிரீனை மேலதிகாரிகளுக்குக் காட்டவேண்டும். காட்டுவதற்கென்று ஒரு பொய்ப் பட்டியல் தயாராக இருந்தது. 'பால் வாங்கு, துணி மடி' என்று உப்புச் சப்பில்லாமல் கிடந்தது. நிஜக் குடும்பத்தின் நிஜப் பட்டியல் என்றால் எடுப்பாக இருக்குமே என்று எங்கள் காதுகுத்துப் பட்டியலையே திரையில் காட்டினேன். பேசிக்கொண்டே ஒரு வட்டத்தைத் தொட்டேன். டிங். வரி வழுக்கி மறைந்தது. அந்தப் பக்கம் கைதட்டினார்கள். "எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார் ஒருவர். அந்த வார்த்தையில் எனக்கு வாய் காது வரைக்கும் போய்விட்டது. அதே சந்தோஷத்தில் பத்திரிகையைப் போட்டோ எடுத்து, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். தம்பிக்கும்தான்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. சாயங்காலமானால் கணவர் பத்திரிகைப் பையை எடுத்துக்கொண்டு ஆண்டிபட்டி, போடி என்று ஒவ்வொரு பக்கமாகக் கிளம்பிவிடுவார். நான் லேப்டாப்பில் கிடப்பேன். பட்டியல் குறையக் குறைய எனக்கு நிம்மதியாக இருந்தது. சின்னமனூர் வரி இல்லை. ஆகவே போய் அழைத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் செய்வதற்குத்தானே அந்த ஆப்பே.

தம்பி இடையில் இரண்டு மூன்று தடவை போன் செய்தான். மழை எப்படி, தார் விலை எப்படி, பிள்ளைக்குச் சளி விட்டதா. கடைசியில் "வேற என்னக்கா?" என்பான்.

"வேற ஒண்ணுமில்லடா, வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவேன்.

ஒரு தடவை அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டான். "ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தேன்.

காதுகுத்து அன்று காலையில் தேனியிலிருந்து வேனில் கிளம்பினோம். சின்னமனூர் வந்தது. மேகமலைக்குத் திரும்புகிற சாலையில் உள்ளே தள்ளித்தான் தம்பி வீடு. "இந்நேரம் நமக்கு முன்னாடியே போயி கோயில்ல நிப்பான்" என்று சொல்லி நான் சிரித்தேன். கணவரும் தலையாட்டினார். மாமியார் மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நிறுத்தாமல் வேன் அவனைத் தாண்டிப் போனது.

கோயிலில் அவன் இல்லை. மொட்டை போட்டு, குளிக்க வைத்து, மகள் தலையில் சந்தனமும் பூசியாகிவிட்டது. ஆசாரி கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாமன் எங்கத்தா? நேரம் போயிட்டிருக்குல்ல" என்றார். தம்பிக்குப் போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தாள்.

"எங்கம்மா இருக்கீக? கெளம்பலையா?"

அவள் மெதுவாக, "யாரும் வந்து அழைக்கலையே மதினி" என்றாள்.

கணவரைப் பார்த்தேன். "நீங்க போகலையா?" என்றேன்.

"லிஸ்ட்ல அது இல்லையே. எனக்கு நேரமில்லன்னு நீயும் அம்மாவுமே போயிட்டு வந்துட்டீகன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர்.

"என்னைய விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தீகன்னு நான் நெனச்சேன். பெரியவ ஒருத்தி இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையேன்னு எனக்கு வருத்தம்தான். நானா ஏன் கேக்கணும்னு இருந்துட்டேன்" என்றார் மாமியார்.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. எனக்கு யாரையாவது கடித்துக் குதறவேண்டும் போலிருந்தது. மாவு அரைக்காமல் டிக் போட்டவர் எதிரிலேயே நிற்கிறார். வேறென்ன சாட்சி வேண்டும்?

"நீங்கதான் அமுக்கியிருப்பீக! எத்தனை தடவை சொன்னேன், பாத்ததெல்லாம் தொடாதீகன்னு? எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். அந்த ஒத்தப் பொறப்பையும் அத்துவிட்டுட்டீகளே!" என்று கத்தினேன்.

பங்காளி வீட்டுப் பெண்கள், பூசாரி, ஆசாரி, பந்தலில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் முகம் கறுத்தது. "நான் அமுக்கலத்தா" என்றார், ஒரே ஒரு தடவை. பிறகு குனிந்து, சாமிக்கு வைத்திருந்த தட்டுகளில் ஒன்றைக் காலி செய்து, வெற்றிலையும் பாக்கும் பழமும் அடுக்கி, மேலே ஒரு பத்திரிகையை வைத்தார். "வேனை எடுக்கச் சொல்லு. போய் அழைப்போம்" என்றார்.

தம்பி வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பட்டு வேட்டி, புதுச் சட்டை, தோளில் துண்டு. பக்கத்தில் குட்டியானையில் சீர்த்தட்டுகள் கண்ணாடித்தாள் சுற்றி ஏற்றியிருந்தன. பாவாடை சட்டை, கொலுசு, பெரிய பொம்மை ஒன்று, ஓரத்தில் இரண்டு வாழைத்தார். யாரும் அழைக்காத விசேஷத்துக்கு அவன் விடிகாலையிலேயே குளித்து உடுத்தி, வண்டியையும் ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, என்னடா இது?" என்றேன்.

"கடைசி நேரத்துலயாவது வருவீகன்னுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றான்.

மாமியார் தட்டை நீட்டினார். "அய்யா, வீட்டுக்குப் பெரியவ நான். தப்பு எங்க மேலதான். மனசுல வச்சுக்காம வந்து பிள்ளைய மடியில வச்சுக்கணும்" என்றார். தட்டை அவன் வாங்கியதும் இரண்டு கையையும் கூப்பினார். அவன் பதறிப்போய், தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன அத்த, நீங்க போயி என்னையக் கும்பிடுறீக. மச்சான், வாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "அத்த தெரியாம போனுல அமுக்கிட்டாகடா. இல்லாட்டி ஒன்னைய விட்ருப்பமா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். மற்றவர்கள் வீட்டுக்குள் போகும்வரை நின்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி என்னிடம் கொடுத்தான்.

"அத்த இல்லக்கா" என்றான்.

எங்கள் ஆப்பிலிருந்து அவனுக்கு வந்திருந்த தகவல். ஸ்கிரீனிலிருந்து நான் எடுத்த பெயர் தகவலில் அப்படியே இருந்தது. அதை அழியாமல் படமாகப் பிடித்து வைத்திருந்தான். 'அக்கா முடித்துவிட்டார்: தம்பி வீட்டுக்கு நேரில் போய் அழைக்கணும்.' அந்த எழுத்து, அந்த நிறம், பக்கத்தில் இருந்த சின்ன டிக், எல்லாமே நான் வரைந்தது. தேதியைப் பார்த்தேன். மீட்டிங் நடந்த நாள். கைதட்டலுக்காக நான் தொட்டது எந்த வரி என்று அன்றைக்குப் பார்க்கக்கூட இல்லை. முதல் வரியைத்தான் தொட்டிருக்கிறேன்.

"அன்னைக்கே பத்திரிகையவும் போட்டோவா அனுப்புனியா, சரி, இப்பல்லாம் இதுதான் அழைப்பு போலன்னு நெனச்சேன். அப்புறம், இல்ல, அக்கா அப்படிச் செய்யமாட்டான்னு நெனச்சேன். மாத்தி மாத்தி நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாடா?"

"அழைப்பக் கேட்டா வாங்குவாக?"

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒவ்வொரு போனிலும் கேட்டிருக்கிறான். நான்தான் வேலை கிடக்கிறது என்று வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது தம்பி குட்டியானையில் முன்னால் போனான். வேனில் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் காதருகே குனிந்து, "அத்த, நான்தான் அமுக்கியிருக்கேன். ஆபீஸ்ல காட்டுறப்போ கை பட்டுருச்சு. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. "வஞ்சது நாலு பேரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா?" என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் சொன்னதில் பிசகும் இல்லை. கோயிலுக்குப் போனதும், தம்பி மடியில் என் மகள் உட்கார்வதற்கு முன்னால், அதே பங்காளி வீட்டுப் பெண்கள், பூசாரி, ஆசாரி முன்னால் நின்று சொன்னேன். "அத்த மேல தப்பு இல்ல. நான் செஞ்ச தப்புக்குத்தான் அவுகள வஞ்சேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவி, "என்னத்தா சொல்ற? சத்தமாச் சொல்லு" என்றாள். மறுபடியும் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையின் சந்தன மொட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

காது குத்தும்போது மகள் ஊரைக் கூட்டினாள். அவன் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆத்தா, அவ்வளவுதான் ஆத்தா, முடிஞ்சிருச்சு" என்று சமாதானம் செய்தான். சீர் வைத்தான், சாப்பிட்டான், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினான். ஒரு குறையும் வைக்கவில்லை.

அடுத்த வாரமே ஆப்பை மாற்றினேன். தொட்ட வரி இப்போது உடனே மறைவதில்லை. 'பார்த்தேன்' என்பதற்கு ஒரு குறி, 'செய்தேன்' என்பதற்கு வேறு குறி. யார் செய்தது என்ற பெயர் திரும்ப வந்துவிட்டது. தவறித் தொட்டால் திருப்பி எடுக்கிற பட்டனும் பழைய இடத்தில் இருக்கிறது. மாமியாரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். தொட்டார், திருப்பி எடுத்தார், மறுபடி தொட்டார். "இது தேவல" என்றார். எங்களுக்குள் பேச்சு வார்த்தை சரியாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும், "எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கத்தா, நானா நீயான்னு" என்பார். வாங்கிக்கொள்வேன். ஆபீஸில் இந்த மாற்றத்தையும் பாராட்டினார்கள். இதெல்லாம் எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். வீட்டில் ஓட்டிப்பார்த்ததில் தெரிந்தது என்று சொல்லிவிட்டு, மைக்கை அணைத்துவிட்டேன்.

தம்பி இப்போதும் போன் செய்கிறான். மழை, தார் விலை, பிள்ளையின் காது ஆறிவிட்டதா என்று எல்லாம் கேட்கிறான். பேசி முடித்ததும், "சரிக்கா, வச்சிர்றேன்" என்கிறான். அந்தப் பழைய கேள்வி மட்டும் வருவதில்லை.

போன வாரம் அவன் வைப்பதற்குள் அவசரமாக நானே கேட்டேன். "வேற என்னடா?"

லைனில் அவன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"வேற ஒண்ணுமில்லக்கா" என்றான். "வேலை கெடக்கு."